பீச்சாங்கை கிட்டார்

சட்டையைப் பிடிச்சது தப்புதான். இல்லைங்கலை. ஆனா அவன் கேட்ட கேள்வி அப்படி.

அது ஒரு வாத்தியக் கடை. கதவைத் தள்ளினா மேல கட்டியிருக்கிற மணி கிணிகிணிங்கும். செவுரு பூரா கிட்டார் தொங்குது. நான் ஒண்ணைக் கழட்டி, முக்காலியில உக்காந்து, எனக்கு எப்படி வருதோ அப்படி மடியில வெச்சேன். கிட்டாரோட கழுத்து வலப்பக்கமா நீட்டிக்கிட்டு நின்னுது. கடையில நின்னவன் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒசரமா ஒல்லியா இருந்தான். இருபத்தஞ்சு இருபத்தாறு வயசிருக்கும். என்னைப் பாத்துச் சிரிச்சான்.

"அண்ணே, மாத்திப் பிடிச்சிருக்கீங்க."

"நான் இடதுகை."

"அதனால என்ன, புதுசா கத்துக்கிறவங்களுக்கு எந்தக் கையா இருந்தாலும் ஒரே கஷ்டம்தான். நிறைய பீச்சாங்கைக்காரங்க வலது பக்கமே பழகிக்கிறாங்க. நீங்களும் மாத்திக்கலாமே."

மாத்திக்கலாமே. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. பள்ளிக்கூடத்துல ஸ்கேலோட ஓரத்தால முட்டியில அடிச்சு அதைத்தான் சொன்னாங்க. வீட்டுல எங்கம்மா ஒரு வருஷம் பூரா இந்தக் கையைத் துணியால சுத்தி வெச்சு அதைத்தான் சொன்னாங்க. வேலைக்குப் போன இடத்துல, கறி வெட்டுற மேசையில, என் முழங்கை பக்கத்து ஆளை இடிக்குதுன்னு கடைசி மூலைக்குத் தள்ளிவிட்டு அதையேதான் சொன்னாங்க. சொன்னவங்கள்ல பாதிப் பேரு செத்தே போயிட்டாங்க. கை இருக்கு. மாத்தலை.

ரத்தம் தலைக்கு ஏறினா எனக்கு நடுவுல கொஞ்ச நேரம் காணாமப் போயிடும். திரும்ப நெனவு வந்தப்ப அவன் சட்டைக் காலர் என் பிடிக்குள்ள இருந்துச்சு. அவன் நுனிக்கால்ல நின்னான். முதுகுக்குப் பின்னாடி இருந்த அலமாரியிலேர்ந்து கம்பிப் பொட்டலமெல்லாம் பொலபொலன்னு விழுந்து கிடந்துச்சு. அவன் கத்தலை. தொண்டையைச் செருமிக்கிட்டுச் சொன்னான்.

"அண்ணே, சட்டையை விடுங்க, நேத்துதான் வாங்கினது. இடதுகையில வாசிக்கணும்னா கம்பியைத் தலைகீழா மாத்திக் கட்டணும். மேல கம்பி உக்காருற சின்னக் கட்டையையும் மாத்தணும். அதைச் சொல்லத்தான் அடுத்து வாயைத் திறந்தேன், அதுக்குள்ள தூக்கிட்டீங்க."

விட்டேன். பொட்டலத்தையெல்லாம் நானே பொறுக்கி அடுக்கினேன். அப்படித்தான் ஒட்டடைக்குச்சி எனக்கு வாத்தியாரானான்.

கறி வெட்டுறவனுக்கு எதுக்குய்யா கிட்டாருன்னு கேப்பீங்க. என் மகளுக்காக.

பாப்பாவுக்குப் பதினோரு வயசு. அவ அம்மாகூட, மாமன் வீட்டுல இருக்கா. எனக்கு நீதிபதி குடுத்திருந்தது சனிக்கிழமை மூணு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும், ஆறு மாசத்துக்கு. அதுவும் ஒரு அலுவலகத்துல, கதவைத் திறந்து வெச்ச ஒரு ரூம்ல, ஒரு அதிகாரி அம்மா நோட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். ஆறு மாசம் கழிச்சு அந்த நோட்டைப் பாத்துட்டு, மகளை ஞாயித்துக்கிழமையில என்கூடத் தனியா அனுப்புறதா, இல்லை இனிமே கண்ணுலயே காட்டக்கூடாதான்னு முடிவு பண்ணுவாங்க. அதுதான் கணக்கு. அது போச்சுன்னா எனக்கு வேற எதுவும் இல்லை.

என்ன நடந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னதைத்தான் உங்ககிட்டயும் சொல்றேன். எனக்கும் என் மனைவியோட தம்பிக்கும் ஆரம்பத்துலேர்ந்தே ஏழாம் பொருத்தம். ஒருநாள் வீட்டுக்கு வந்து, எங்க அக்காவை ஏன் அடிச்சீங்கன்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டான். நான் அவன் தொண்டையைப் பிடிச்சு சமையலறைக் கதவுல சாத்தினேன். அவனை அடிக்க ஓங்கின கை, பாப்பா குறுக்கே வந்ததுல அவ மேல பட்டுடுச்சு. வலது காது. செவிப்பறை கிழிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்த உடனேயே, அடிச்சவர் இடதுகைக்காரரான்னு கேட்டாராம். இப்ப அந்தக் காதுல பாதிக்கும் கீழதான் கேக்குது. பாப்பா குறுக்கே வந்துட்டான்னுதான் என் மனைவியும் எழுதிக் குடுத்தா. இல்லாட்டி நான் உள்ள இருந்திருப்பேன். எழுதிக் குடுத்துட்டு அன்னிக்கே பொட்டியைக் கட்டிட்டா.

முதல் மூணு சனிக்கிழமை பாப்பா தரையையே பாத்துக்கிட்டு இருந்தா. ஸ்கூல் எப்படி இருக்குன்னா, நல்லாருக்கு. சாப்டியான்னா, சாப்டேன். சுவத்துக் கடிகாரம் மட்டும்தான் பேசுச்சு. நாலாவது வாரம், புதுசா என்ன கத்துக்கிறன்னு கேட்டப்ப, கிட்டாருன்னா. என் வாய் சும்மா இருக்காம, நானும் கத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லிடுச்சு. அப்பதான் அவ நிமிந்து என்னைப் பாத்தா.

"நெஜமாவா?"

"பின்ன."

"அப்ப எடுத்துட்டு வாங்க. சேந்து வாசிக்கலாம்."

அடுத்த நாள் நான் வாத்தியக் கடையில அவன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மீதிதான் உங்களுக்குத் தெரியுமே.

கடைக்கு மேல மாடியில, அட்டைப்பெட்டி அடுக்கி வெச்ச ஒரு ரூம்ல பாடம். ஒட்டடைக்குச்சி எனக்கு எதிர்ல உக்காந்து அவன் கிட்டாரைப் பிடிச்சான். "இதுல உங்களுக்கு ஒரு வசதி இருக்குண்ணே. எதிர்ல உக்காந்தா கண்ணாடி பாக்குற மாதிரி. நான் செய்யுறதை அப்படியே பாத்துச் செய்யலாம். வலதுகைக்காரங்களுக்கு இந்த யோகம் இல்லை." வாழ்க்கையில முதல் தடவையா இந்தக் கைக்கு ஒரு வசதின்னு ஒருத்தன் சொல்லிக் கேட்டேன்.

கம்பி உக்காருற சின்னக் கட்டை எலும்புல இருந்தா சத்தம் நல்லா வரும்னான். எலும்புக்கா எனக்குப் பஞ்சம். எங்க கறிக்கூடத்துலேர்ந்து முழங்கால் எலும்பு ஒண்ணை எடுத்து, வேகவெச்சு, கொழுப்பெல்லாம் சுரண்டி, ரம்பத்துல அறுத்து, அரத்தால ராவி, ஆறு கம்பிக்கு ஆறு வெட்டு போட்டேன். தடிக்கம்பிக்கு அகல வெட்டு எனக்கு எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம். ரெண்டு வாரம் ஆச்சு. ஒட்டடைக்குச்சி அதை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, கடையிலகூட இப்படிக் கிடைக்காதுண்ணேன்னான். எனக்குத் தலைகால் புரியலை.

வலதுகை விரலெல்லாம் மொதல்ல கிழிஞ்சுது. அப்புறம் காய்ச்சுப்போச்சு. மூணு கார்ட் வந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் விரலை வேற வேற கம்பியில வெச்சு அமுக்கணும். இடதுகையால கம்பியை மேலேர்ந்து கீழ தட்டுறதுல மட்டும் அவன் தினம் திட்டுவான். "அண்ணே, விறகா பொளக்குறீங்க. தோள்லேர்ந்து வருது உங்க கை. மணிக்கட்டு மட்டும் ஆடினா போதும், தூக்காதீங்க." எனக்கு அப்படித்தான் வரும். பத்தொம்போது வருஷமா கத்தி பிடிச்ச கை.

பாப்பா வாரா வாரம், ரெடியா, ரெடியான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. மூணு மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை கிட்டாரைத் தோள்ல மாட்டிக்கிட்டு அந்த ரூமுக்குப் போனேன். அவ என் கம்பியைப் பாத்தா, கட்டையைப் பாத்தா. "எல்லாமே தலைகீழா இருக்கு," ன்னு லேசாச் சிரிச்சா. ரெண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டோம். கண்ணாடி பாக்குற மாதிரின்னு சொன்னேன். அவ வலதுகைக்கு நேரா என் இடதுகை. அதிகாரி அம்மாகூட பேனாவை மூடிவெச்சுட்டுக் கேக்க உக்காந்தாங்க.

ஆரம்பிச்சோம். நான் ஒரு தட்டு தட்டினேன். அவ தப்பவிட்டா. மறுபடி. மறுபடியும் விட்டா. அவ கம்பியைப் பாக்கலை, கார்டைப் பாக்கலை, என் கையையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் தட்டுற நேரத்துக்குக் கண்ணை மூடுறா, தட்டி முடிச்சதும் திறக்குறா. அப்புறம் எப்படித் தாளம் நிக்கும்.

"பாப்பா, தாளம் விடுற."

"சரிப்பா."

"மறுபடி விடுற. கம்பியைப் பாரு."

"சரிப்பா."

"என் கையில என்ன இருக்கு? எதுக்கு அதையே வெறிச்சுப் பாக்குற? மூணு மாசம் நாயா பேயா கத்துக்கிட்டு வந்திருக்கேன், ஒரு பாட்டு ஒழுங்கா வாசிக்க முடியலையா உனக்கு?"

என் குரல் ஏறினது எனக்கே கேட்டுச்சு. அதிகாரி அம்மா பேனா மூடியைத் திறந்த சத்தமும் கேட்டுச்சு. பாப்பா கிட்டாரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, ரொம்ப மெதுவா, ரொம்ப மரியாதையா கேட்டா.

"அப்பா, கையைத் தூக்காம வாசிப்பீங்களா?"

நான் சிரிச்சுட்டேன். "என் வாத்தியும் இதையேதான் சொல்றான். விறகு பொளக்குறேனாம்." மணிக்கட்டை மட்டும் ஆட்டி, சின்னதா, பூ மாதிரி ஒரு தட்டு தட்டிக் காட்டினேன்.

அப்பதான் பாத்தேன். கை அரை அடிகூட எழும்பலை. அவ கண்ணு மூடிடுச்சு. வலது தோள் காதைத் தேடிக்கிட்டு மேல ஏறுச்சு. அந்தக் காதுலதான் சரியாக் கேக்காதே, அந்தப் பக்கம் எது வந்தாலும் கண்ணாலதானே காவல் காக்கணும். அவ தாளத்தைப் பாக்கலை. என் கையைக் காவல் காத்துக்கிட்டு உக்காந்திருந்தா. ஆரம்பிச்சதுலேர்ந்தே.

மீதி நேரம் நான் வாசிக்கலை. அவளை வாசிக்கச் சொல்லிட்டு என் கையை ரெண்டு தொடைக்கும் நடுவுல வெச்சு அழுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பதான் அவ ஒழுங்கா வாசிச்சா.

வெளியில வராந்தாவுல பெஞ்சில என் மனைவியோட தம்பி உக்காந்திருந்தான், அவளைக் கூட்டிட்டுப் போக. "கச்சேரி எப்படி மச்சான்?" ன்னு கேட்டான். கிட்டாரைத் தோள்ல மாட்டிக்கிட்டு நேரா படியிறங்கிட்டேன். அன்னிக்குத் தப்பிச்சான். திங்கக்கிழமை வேற ஒருத்தன் மாட்டினான்.

எங்க கறிக்கூடத்துல எடை போடுறவனைத் தராசுன்னு கூப்பிடுவோம். வாய்த்துடுக்கு. அவனையும் சேத்து ஆறு பேருக்கு ஒரே மேசையில வேலை, வெள்ளை ஓடு பதிச்ச கூடம், கால்ல ரப்பர் பூட்ஸு, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். நான் எலும்பை எடுத்து ராவினது எல்லாருக்கும் தெரியும். தராசு கேட்டான், "என்னய்யா, பீச்சாங்கைக் கச்சேரி அரங்கேறிடுச்சா?" நான் வெட்டிக்கிட்டே இருந்தேன். விட்டிருக்கலாம் அவன். விடலை. "உன் பொண்ணுக்குக் காது கேக்காததும் நல்லதாப் போச்சு. உன் பாட்டைக் கேட்டுத் தொலைய வேண்டாம்."

கத்தியைக் கீழ வெச்சேன். அந்த மட்டும் எனக்குப் புத்தி இருந்துச்சு. அவன் பிடரியைப் பிடிச்சு மூஞ்சியை எடைத்தட்டுல இறக்கினேன். ஒரு தடவை. ரெண்டு தடவை. மூக்கு நொறுங்குற சத்தம் எனக்கு நல்லாத் தெரியும், தினம் எலும்போட பொழைக்கிறவன் நான். மூணாவது தடவை இறக்கிட்டு எடுக்காம அப்படியே அமுக்கிப் பிடிச்சேன். அவன் காலால உதைக்கிறான், கையால தட்டை வறட்டு வறட்டுன்னு பிராண்டுறான், வாயிலேர்ந்து ரத்தமும் குமிழியுமா வருது. எடை முள்ளு பதினாலு கிலோவுல நின்னு நடுங்கிச்சு. எனக்கு அது பத்தலை. பதினஞ்சாக்கணும்னு தோணிச்சு. இதை வெக்கமில்லாம சொல்றேன், ஏன்னா நெசம். பதினஞ்சைத் தொடுற வரைக்கும் அமுக்கினேன்.

யாராவது வந்து பிடிப்பாங்கன்னு நிமிந்தேன். ஒருத்தனும் வரலை. மேசையைச் சுத்தி நாலு பேர். நாலு பேர் முகத்துலயும் ஈயாடலை. நாலு பேருக்கும் ஒரு பக்கத் தோள் மட்டும் காது வரைக்கும் ஏறியிருந்துச்சு. வளந்த ஆம்பளைங்க, கையில கத்தி வெச்சிருக்கிறவங்க.

முழங்கை இடிக்குதுன்னா என்னை மூலையில நிறுத்தினாங்க? நான் பத்தொம்போது வருஷமா அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன்.

விட்டுட்டேன். தராசு தரையில சரிஞ்சு உக்காந்து, மூக்கைப் பொத்திக்கிட்டு, மேஸ்திரி வந்து கேட்டப்ப, "வழுக்கி விழுந்துட்டேங்க," ன்னான். மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும். பத்து நாள் வீட்டுல இருன்னு என்னை அனுப்பிட்டாரு. ரோட்டுல நடந்து போறப்ப அதைத்தான் நெனச்சுக்கிட்டே போனேன். ஒருத்தன் வழுக்கி விழுந்தான். ஒருத்தி குறுக்கே வந்தா. எனக்காக ஊரே விழுந்து எந்திரிச்சிருக்கு, நான் மட்டும் நேரா நடந்து வந்திருக்கேன்.

அந்தச் சனிக்கிழமை பாப்பா வரலை. உடம்பு சரியில்லைன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. அதிகாரி அம்மா நோட்டை மூடி வெச்சுட்டுச் சொன்னாங்க, "அடுத்த வாரமும் வரலைன்னா நான் அதை எழுதித்தான் ஆகணும். கொழந்தை வர விரும்பலைன்னு."

"மேடம், அவகிட்ட ஒண்ணு சொல்லச் சொல்றீங்களா? அப்பா கையைத் தூக்க மாட்டாருன்னு."

அங்கேர்ந்து நேரா வாத்தியக் கடைக்குப் போனேன். கிட்டாரை ஒட்டடைக்குச்சி முன்னாடி வெச்சேன்.

"தம்பி, கம்பியைத் திருப்பிக் கட்டு. எல்லாரும் வாசிக்கிற மாதிரி."

அவன் ஒரு அடி பின்னாடி போனான். பழைய ஞாபகம். "அண்ணே, இதுக்குத்தானே அன்னிக்கு என்னைத் தூக்குல தொங்கவிட்டீங்க. மூணு மாசம் பழகினது அத்தனையும் போயிடும். மறுபடி முதல்லேர்ந்து."

"போகட்டும்."

"உங்களுக்கு இடதுதான் வருது. நான் அன்னிக்குச் சொன்னது தப்புண்ணே, மன்னிச்சிடுங்க. யாரு என்ன சொன்னாங்க? யாரும் மாத்தச் சொல்லக் கூடாது."

"யாரும் சொல்லலை." கிட்டாரை அவன் பக்கம் தள்ளினேன். "இந்தப் பக்கம் வெச்சா இடதுகை கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்ல. எங்கயும் போகாதுல்ல. அதான்."

அவன் கிட்டாரை மடியில எடுத்து வெச்சுக்கிட்டான். அப்புறம் திருகாணியைத் தளர்த்த ஆரம்பிச்சான். நான் ராவின எலும்பைத் தட்டிக் கழட்டி மேசையில வெச்சான், பழையதை ஒட்டினான். எனக்கு வயிறு எரிஞ்சுது. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துல ஸ்கேலால முடியாதது, எங்கம்மாவோட துணியால முடியாதது. நானே கொண்டுபோய்க் குடுத்தேன்.

மிச்ச நாளெல்லாம் வீட்டுல உக்காந்து அதே வேலைதான். இடதுகை விரல் இருக்கே, உள்ளங்கை பூரா கத்திக் காய்ப்பு, நுனி மட்டும் தினம் தண்ணியில ஊறி ஊறி பஞ்சு. கம்பி, கேக்குல கத்தி இறங்குற மாதிரி இறங்குச்சு. ரெண்டாம் நாளே தோல் கிழிஞ்சு ரத்தம். பிளாஸ்திரி போட்டா சத்தம் வராது, பிச்சு எறிஞ்சேன். ஓங்கத் தெரிஞ்ச கைக்கு ஒரு எடத்துல நிக்கத் தெரியலை. விரல் ஒண்ணொண்ணும் ஒவ்வொரு பக்கம் இழுக்குது. ஒருநாள் மத்தியானம் கிட்டாரைச் செவுத்துல அடிச்சு ஒடைக்கத் தூக்கிட்டேன். தலைக்கு மேல தூக்கின பிறகு, தூக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பினது ஞாபகம் வந்துச்சு. இறக்கி வெச்சேன்.

அடுத்த சனிக்கிழமை அவ வந்தா. கிட்டாரோட வந்தா. வாசல்லயே நின்னு என் இடதுகை எங்க இருக்குன்னு மொதல்ல பாத்தா. அது கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம்தான் உள்ள வந்து உக்காந்தா.

வாசிச்சேன். அசிங்கமா இருந்துச்சு. கம்பி கொரகொரன்னு கத்துச்சு, பாதிக் கம்பி செத்துக் கிடந்துச்சு. ஆனா வலதுகை மேலயும் கீழயும் போறப்ப அவ தோள் ஏறலை. அந்தக் கை அவளை ஒண்ணும் பண்ணினதில்லை.

"விரல் சரியா அமுங்கலை," ன்னா.

"அமுக்குறேன் பாப்பா."

"இல்லை. இங்க இல்லை." அவ கிட்டாரைக் கீழ வெச்சுட்டு எழுந்து என் பக்கத்துல வந்தா. என் ஆள்காட்டி விரலை ரெண்டு விரலால எடுத்தா, செத்த பல்லியை எடுக்கிற மாதிரி. நகத்தி, கம்பி மேல வெச்சு, அமுக்கினா. பழைய காயம் திறந்துக்கிச்சு. நான் பல்லைக் கடிச்சேன். அவ என் முகத்தைப் பாத்தா. பாத்துக்கிட்டே இன்னும் கொஞ்சம் அமுக்கினா.

"வலிக்குதா?"

"வலிக்குது."

விடலை. இன்னொரு கையோட கட்டைவிரலையும் மேல வெச்சா. அதிகாரி அம்மா நாற்காலியிலேர்ந்து பாதி எழுந்தாங்க. நான் வேண்டாம்னு தலையை ஆட்டினேன்.

"அப்பா, நான் குறுக்கே வந்தேனா?"

அதிகாரி அம்மா நின்னபடியே நின்னாங்க. நோட்டு திறந்து மேசையில இருந்துச்சு. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். எல்லார் பேப்பர்லயும் அதுதான் இருக்கு. இன்னும் ஏழே சனிக்கிழமை, அப்புறம் ஞாயித்துக்கிழமை பூரா என் மக என்கூட. பஸ்ல கூட்டிட்டுப் போலாம். என் வீட்டுல அவ தூங்கி எந்திரிப்பா. இல்லைன்னு சொன்னா இதுவும் போச்சு, ஒருவேளை நானும் உள்ள. அவ கண்ணு என் கண்ணை விட்டு அசையலை. எங்க வீட்டுல அவகிட்ட யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. நடந்ததை வாயைத் திறந்து சொல்ல அவளும் நானும்தான் பாக்கி.

"இல்லை பாப்பா. நீ குறுக்கே வரலை. பின்னாடி நின்னு, போதும்ப்பான்னு என் சட்டையைப் பிடிச்சு இழுத்த. நான் திரும்பினேன். நீன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் அடிச்சேன்."

அவ உடம்பு மொத்தத்தையும் அந்த ரெண்டு கட்டைவிரலுக்குக் கொண்டுவந்தா. உதட்டைக் கடிச்சுக்கிட்டா. கம்பி உள்ள போய் எங்கயோ எலும்பைத் தொட்ட மாதிரி இருந்துச்சு. ரத்தம் கிட்டார் கழுத்துல வழிஞ்சு என் மணிக்கட்டுக்கு வந்துச்சு. என் வலதுகை சும்மாதான் இருந்துச்சு, அவளைத் தள்ளிவிட ஒரு நொடி போதும். நான் அசையலை. அவ நடுங்கிக்கிட்டே அமுக்கினா. அழுதா, ஆனா சத்தமில்லாம.

"நான் கனவு கண்டேனோன்னு நெனச்சுட்டேன்," ன்னா. "எல்லாரும் அப்படிச் சொன்னதும்."

"கனவு இல்லை. நான்தான்."

விட்டுட்டா. கட்டைவிரலைப் பாவாடையில துடைச்சா. போய் அவ நாற்காலியில உக்காந்தா. அதிகாரி அம்மாவும் உக்காந்து எழுத ஆரம்பிச்சாங்க. ஒரு பக்கம் முடிஞ்சு அடுத்த பக்கத்தைத் திருப்பினாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

பாப்பா கிட்டாரை எடுத்து மடியில வெச்சா. கடிகாரத்தைப் பாத்தா.

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு," ன்னா. "அதே கார்ட். முதல்லேர்ந்து."

நான் விரலை வெச்சேன்.